விழுந்து பிழைத்த உபுகாதா

உபுகாதா கோஷிரோவுக்குப் பன்னிரண்டு வயதிலேயே ஒரு மீட்டர் எழுபத்தெட்டு உயரம். அதற்குப் பிறகு அவன் வாழ்க்கையில் என்ன செய்ய வேண்டும் என்பதை அவனிடம் யாரும் கேட்கவில்லை.

அப்பா நகர அலுவலகத்தில் குப்பை வண்டிகளுக்கு நேர அட்டவணை போடுகிறவர். அம்மா பள்ளிச் சமையல்கூடத்தில் சூப் கிளறுகிறவர். இருவருமே பேருந்தில் மேல்கம்பி எட்டாமல் இருக்கை முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அளவுதான். இவன் மட்டும் எங்கிருந்து இப்படி வளர்ந்தான் என்று ஷிமோசுகியில் பேசாத வாய் கிடையாது. கொன்னியாக்குக் கிழங்கு விளைகிற ஊர் அது. நம் சேனைக்கிழங்குக்கு ஒன்றுவிட்ட தம்பி அந்தக் கிழங்கு. அதற்குப் போடுகிற உரம் கொஞ்சம் அந்த வீட்டு மிசோ சூப்பில் விழுந்திருக்கும் என்று காய்கறிக் கடையில் சொல்லிச் சிரித்தார்கள்.

கோஷிரோவுக்குப் பிடித்தது தொட்டியில் குட்டி மீன் வளர்ப்பது. அதற்கு உயரம் தேவையில்லை என்பதால் ஊருக்கு அதில் ஆர்வமில்லை. மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்த முதல் நாளே கூடைப்பந்துப் பயிற்சியாளர் குரிஹாரா அவனை வகுப்பு வாசலில் மடக்கினார்.

"உன் பேரு?"

"உபுகாதா, சார். ஆனா எனக்கு ஆடத் தெரியாது."

"யாருய்யா உன்னை ஆடச் சொன்னது? ஓட வேண்டாம். பந்தைத் தட்ட வேண்டாம். வளையத்துக்கு அடியில போய் நில்லு. கையைத் தூக்கு. தூக்கிட்டியா? அப்படியே வெச்சுக்க."

மூன்று வருடப் பயிற்சி இவ்வளவுதான். மற்றப் பள்ளிப் பையன்கள் எல்லாம் அவன் தோளுக்குக் கீழே. வளையத்தை நோக்கி அவர்கள் எறிந்த பந்து பாதி நேரம் இவன் உள்ளங்கையில் பட்டுத் திரும்பியது. ஷிமோசுகிப் பள்ளி மாவட்டத்தில் மூன்றாவது இடம் பிடித்தது. அதற்கு முன் அந்தப் பள்ளி எந்த விளையாட்டிலும் பதினாறுக்கு மேலே போனதில்லை. ரயில் நிலையத்தில் பதாகை கட்டினார்கள். அதில் அவன் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள்.

அணிக்குப் புள்ளிக் குறிப்பு எழுதுகிற வேலை சிகுசா என்ற வகுப்புத் தோழிக்கு. ஆட்டத்தில் நடக்கிற ஒவ்வொன்றையும் கோடு போட்டு எண்ணுகிறவள். மூன்றாவது இடம் கிடைத்த அன்று, மைதானத்து வாசலில் எல்லாரும் அவனைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் கேட்டாள்.

"உபுகாதா, இன்னிக்கு பந்தை எத்தனை தடவை கையில பிடிச்சேன்னு தெரியுமா?"

"ஒரு பத்து தடவை இருக்குமா?"

"நாலு. அதுல ரெண்டு, எடுத்து நடுவர்கிட்ட குடுத்தது."

அவனைப் பார்த்து உண்மை பேசிய முதல் ஆள் அவள். அதனாலேயே அவனுக்கு அவளைப் பிடித்துப்போனது. அவனுடைய தேர்வுகளில் தேறியது அது ஒன்றுதான்.

பள்ளி முடிந்ததும் பக்கத்து நகரத்தில் கார்களுக்குச் சுருள்வில் செய்கிற கம்பெனி அவனை எடுத்துக்கொண்டது. கம்பெனிக்கு ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. காலையில் அலுவலக வேலை, மாலையில் ஆட்டம். அவனைப் பொது நிர்வாகப் பிரிவில் போட்டார்கள். பல்பு மாற்றுவது, உயரத்து அலமாரியில் கோப்பு வைப்பது, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது, இவைதான் வேலை. பிரிவுத் தலைவருக்கு அவன்மேல் தனி அன்பு. ஏணி வாங்க வேண்டும் என்று வந்த விண்ணப்பத்தை அவனைக் காட்டியே தள்ளுபடி செய்தார்.

நான்கு வருடம் இப்படிப் போனது. அப்போது நாட்டில் தொழில்முறை லீக் ஆரம்பமானது. கம்பெனிக்கு அந்தச் செலவு ஒத்துவரவில்லை. அணியைக் கைகழுவியது. அதை வாங்கிக்கொண்டவர் ஷிமோசுகியின் பெரிய கொன்னியாக்குத் தொழிற்சாலை முதலாளி ஹிருகாவா. மூன்று தலைமுறையாகக் கிழங்கைக் களியாக்கி விற்ற குடும்பம். ஹிருகாவாவின் உயரம் ஒரு மீட்டர் ஐம்பத்தெட்டு. நெட்டையான ஆட்கள் நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்வதில் அவருக்கு ஒரு தணியாத ஆசை. அணிக்குச் 'சூறைக்காற்று' என்று பெயர் வைத்தார்.

ஆட்டக்காரர்கள் கம்பெனியிலேயே ஊழியராகத் தொடரலாம், அல்லது வேலையை விட்டுவிட்டு அணியோடு போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். பிரிவுத் தலைவர் கோஷிரோவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இங்கயே இருந்துடுப்பா. அறுபது வயசு வரைக்கும் நிம்மதியா பல்பு மாத்தலாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்தான். மறுநாள் காலைச் செய்தித்தாளில் ஹிருகாவா நடுவில் நிற்கிற படம். கீழே, புதிய அணியின் முதல் ஆட்டக்காரர் நம் ஊர்ப் பிள்ளை உபுகாதா கோஷிரோ என்று செய்தி. அந்த வசந்தத்தில்தான் அவனுக்கும் சிகுசாவுக்கும் கல்யாணமாகியிருந்தது. அவள் பல் ஆஸ்பத்திரியில் பல் சுத்தம் செய்கிற வேலையில் இருந்தாள். குடும்பப் பெயர் உபுகாதா என்று மாறிய பிறகும் அவனை அவள் உபுகாதா என்றுதான் கூப்பிட்டாள்.

"உபுகாதா, ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டுட்டியா?"

"இல்ல. ஆனா பேப்பர்ல வந்துடுச்சே."

"அப்ப பேப்பர்காரனையே போய் ஆடச் சொல்லு."

"அம்மா அதைக் கத்தரிச்சுச் சட்டம் போட்டு மாட்டிட்டாங்க. இனிமே எப்படி இல்லேன்னு சொல்றது?"

இப்படியாக, சுவரில் ஆணி அடித்துவிட்ட ஒரே காரணத்தால் உபுகாதா கோஷிரோ தொழில்முறைக் கூடைப்பந்து வீரன் ஆனான்.

போன பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. ஒவ்வொரு அணியும் ஒரே நேரத்தில் இரண்டு வெளிநாட்டு ஆட்டக்காரர்களை இறக்கலாம். அவர்கள் எல்லாம் இரண்டு மீட்டர் பத்து, பதின்மூன்று. வளையத்துக்கு அடியில் உள்ள இடம் அவர்களுடையது. கோஷிரோ ஒரு மீட்டர் தொண்ணூற்றொன்பதில் நின்றுபோயிருந்தான். பயிற்சியாளர் இனோமாதா நல்ல மனிதர். முடி பாதி கொட்டிவிட்டது. அவர் கோஷிரோவை வெளியே போய்த் தூரத்திலிருந்து பந்தை எறியச் சொன்னார். இவன் எறிந்த முதல் பந்து பின்பலகையின் மேல் விளிம்பில் பட்டு, கூரை விளக்கு ஒன்றின் கூண்டில் போய் மாட்டிக்கொண்டது. இனோமாதா கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெஞ்சில் போய் உட்காரு என்றார். அந்த உட்காரல் ஆறு வருடம் நீடித்தது.

ஏழாவது வருடம், ஜனவரி மாதம், கானேஹமா அணியோடு சொந்த ஊரில் ஆட்டம். இரண்டு நிமிடம் மீதி இருக்கையில் சூறைக்காற்று இருபத்திநான்கு புள்ளி பின்னால் கிடந்தது. தோற்பது உறுதியானதும் இனோமாதா பெஞ்சில் இருந்தவர்களை இறக்கினார். கோஷிரோ ஓடிப்போய், குரிஹாரா சொல்லிக் கொடுத்த இடத்தில், சொல்லிக் கொடுத்தபடியே கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றான். எதிரே பந்தோடு வந்தவன் வுகேலிச். மாண்டினீக்ரோக்காரன். இரண்டு மீட்டர் பதின்மூன்று, நூற்றிருபது கிலோ. அவன் எம்பினான். அவன் முழங்கால் கோஷிரோவின் தோளில் ஏறியது. கோஷிரோவின் தலை அவனுடைய தொளதொளக் கால்சட்டைக்குள் போய் மறைந்தது. மேலே இரண்டு கையாலும் பந்தை வளையத்துக்குள் திணித்துவிட்டு வுகேலிச் கம்பியில் தொங்கினான். அந்த நொடியில் ஒரு புகைப்படக்காரர் தன் வாழ்நாளின் மிக நல்ல படத்தை எடுத்தார்.

அடுத்த பருவத்துக்கு லீக் அடித்த சுவரொட்டி அந்தப் படம்தான். "பறக்கத் தயாரா?" என்று மேலே பெரிய எழுத்து. நாடு முழுக்க ரயில் நிலையங்களில் ஒட்டினார்கள். ஷிமோசுகி நிலையத்தில் கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒட்டினார்கள். படத்தில் கோஷிரோவின் முகம் கிடையாது. ஒரு காது, முதுகில் ஒரு எண், தூக்கின இரண்டு கை. அவன் அம்மா நிலையத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு அதிகாரியிடம் சொன்னார்.

"அது என் பையன் காதுங்க."

"எதும்மா?"

"அந்தக் கால்சட்டைக்கு வெளிய தெரியுதே, அது. அவங்கப்பாவுக்கும் அப்படியே இருக்கும். எனக்கும் இதுல ஒண்ணு குடுங்களேன்."

வெட்கப்பட்டு வீட்டுக்குள் கிடப்பான் என்று சிகுசா நினைத்தாள். ஆனால் ஹிருகாவா முந்திக்கொண்டார். களி விற்பவருக்கு எதையும் பொட்டலம் போடத் தெரியும். சுவரொட்டியில் உள்ள முதுகையும் தூக்கின கைகளையும் கோட்டுப் படமாக வரைந்து, 'அடியில் நிற்பவன்' என்று எழுதி, பனியன் அடித்தார். ஒரு மாதத்தில் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. கொன்னியாக்குப் பாக்கெட்டிலும் அந்த முதுகு வந்தது. வெளியூர் ஆட்களெல்லாம் ஆட்டம் பார்க்க வந்தார்கள். பனியனைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்பார்கள். எங்கே போடுவது என்று இவன் கேட்டால், முதுகில் போடுங்கள் என்பார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் கடைசி இரண்டு நிமிடம் கோஷிரோ இறங்கினான். ஜெயிக்கிற ஆட்டமானாலும் தோற்கிற ஆட்டமானாலும் இறங்கினான். ஹிருகாவா உட்கார்ந்த இடத்திலிருந்து விரலைக் காட்டுவார். இனோமாதா தன் கையில் உள்ள வெள்ளைப் பலகையை உற்றுப் பார்த்துக்கொண்டே அவனுக்குத் தலையசைப்பார். கூட்டம் எழுந்து நிற்கும். எதிரணியின் நெட்டையன் சிரித்துக்கொண்டே ஓடிவந்து அவன்மேல் ஏறித் திணிப்பான். பிறகு இவனோடு படம் எடுத்துக்கொள்வான்.

கோஷிரோ இதை என்ன நினைத்தான் என்றால், தன் திறமையை இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தான். உள்ளூர்த் தொலைக்காட்சியில் பேட்டி எடுத்தபோது, "தற்காப்பு என்பது ஒரு மனநிலை" என்று சொன்னான். அந்த வரியை வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று நான்கு முறை சொல்லிப் பார்த்திருந்தான். புதிதாக ஒரு கோட்டுகூட வாங்கினான்.

சிகுசா பள்ளிக்காலப் பழக்கத்தை விடவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நோட்டோடு போவாள். பருவம் முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பட்டை உதோன் நூடுல்ஸை அவன் கிண்ணத்தில் போட்டுவிட்டு நோட்டை எடுத்து வைத்தாள்.

"உபுகாதா, இந்த வருஷம் உன் மேல எத்தனை பேர் ஏறியிருக்காங்க, சொல்லு."

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. நான் தடுக்கறேன்."

"எத்தனை தடவை தடுத்தே?"

அவன் நூடுல்ஸை ஊதினான்.

"ஏறினது முப்பத்தொண்ணு. தடுத்தது சைபர். இங்க பாரு, அந்தப் பத்தியே காலியா கிடக்கு. நீ ஆடப் போறேன்னு நினைச்சுக் கோட்டு வாங்கறே. அவங்க உன்னை ஆட்டக்காரனா இறக்கலை. ஏணியா இறக்கறாங்க."

"கூட்டம் கை தட்டுதே."

"சர்க்கஸ்ல யானை முக்காலி மேல உக்காந்தாக் கூடத்தான் தட்டுவாங்க. முக்காலிக்கா தட்டறாங்க?"

நூடுல்ஸ் ஆறிப்போனது. அவன் நோட்டை இழுத்து முதல் பக்கத்திலிருந்து பார்த்தான். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஏறியவன் பெயர், தேதி, எந்தத் தோள் என்றுகூட அவள் எழுதியிருந்தாள். இடது தோள் பத்தொன்பது. அந்தத் தோள் ஏன் காலையில் தூக்க முடியாமல் வலிக்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவனுக்கு முப்பத்தோரு வயது. தன்னை நினைத்து அவன் முதல்முறையாகக் கோபப்பட்டான். அதுவரை அவனுக்குக் கோபம் வந்தது மீன்தொட்டி உடைந்தபோது மட்டும்தான்.

அடுத்த ஆட்டத்தில் எதிரணிக்காரன் ஓடிவந்து எம்பியபோது கோஷிரோ ஓரமாக விலகிக்கொண்டான். அவ்வளவுதான் செய்தான். வந்தவன் ஒரு உடம்பை எதிர்பார்த்து எம்பியவன். வெறும் காற்றில் தடுமாறிப் பந்தைக் கம்பியில் அடித்தான். அரங்கம் முழுவதும் "ஊ" என்று இரைந்தது. தன் ஊர்க்காரர்கள், தன் பனியனைப் போட்டுக்கொண்டு, தன்னை ஏசுகிறார்கள் என்று அவனுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. ஆட்டம் முடிந்ததும் ஹிருகாவா நடைவழியில் காத்திருந்தார்.

"என்னப்பா இது? காசு குடுத்து வந்த ஜனங்களை ஏமாத்தறே?"

"ஒப்பந்தத்துல அங்கதான் நிக்கணும்னு இல்லையே, தலைவரே."

"நகரணும்னும் இல்லையே. களி எதுக்கு விக்குது தெரியுமா? கையில எடுத்தா கொழகொழன்னு இருக்கும்னு நம்பி வாங்கறான். நீ திடீர்னு கல்லா மாறினா எவன் வாங்குவான்?"

அதற்குப் பதில் தேடிக் கோஷிரோ போன இடம் விதிப்புத்தகம். கூடைப்பந்து ஆடத் தொடங்கிப் பதினைந்து வருடம் கழித்து அதை முதல்முறையாகத் திறந்தான். சிகுசா வேலை செய்கிற பல் ஆஸ்பத்திரியில், அவள் வேலை முடிகிறவரை காத்திருக்கிற நாற்காலியில், முழங்கால் காதைத் தொட உட்கார்ந்துகொண்டு படித்தான். ஒரு பத்தியை மூன்று முறை படித்தான். மறுநாள் இனோமாதாவிடம் கொண்டுபோய்க் காட்டினான்.

"கோச், இது நிஜமா? நான் முன்னாடியே வந்து நெஞ்சைக் காட்டி நின்னுட்டா, அதுக்கப்புறம் வந்து மோதறவன் மேலதான் ஃபவுலா?"

"ஆமா."

"அஞ்சு ஃபவுல் ஆனா அவன் வெளிய போயிடணுமா?"

"உபுகாதா, நீ இந்த ஆட்டத்தை எத்தனை வருஷமா ஆடறே?"

"ஆடலை, கோச். நின்னுட்டு இருந்தேன். எங்க நிக்கணும்னு யாரும் சொல்லலை."

இனோமாதா வெள்ளைப் பலகையை அழித்துவிட்டு, வளையத்துக்கு அடியில் தரையில் உள்ள அரைவட்டத்தை வரைந்தார். "இந்தக் கோட்டுக்கு உள்ள நின்னா நீ தரை விரிப்பு. வெளிய நின்னா நீ ஆட்டக்காரன். நீ பொழப்பு பூராவும் ரெண்டு அடி பின்னாடி நின்னுட்டு இருந்திருக்கே."

குரிஹாரா சொல்லிக் கொடுத்த எல்லாவற்றையும் மறக்க வேண்டியிருந்தது. கையைக் கீழே போட வேண்டும். எதிரி எம்புவதற்கு அரை நொடி முன்பே இடத்தைப் பிடிக்க வேண்டும். மோதலை நெஞ்சில் வாங்க வேண்டும். பிறகு விழ வேண்டும். விழுவதுதான் கடினம். முகவாயை நெஞ்சோடு ஒட்டி, முதலில் உட்கார்வதுபோல் இறங்கி, முதுகை உருட்டி, கையை ஊன்றாமல் விழ வேண்டும். கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும். தலையைத் தொங்கவிட்டால் மண்டை போகும். பகலில் மைதானத்து மெத்தையில் பயின்றான். மாலையில் வீட்டு நடைவழியில் சிகுசா துணிக்கூடையை நெஞ்சில் பிடித்துக்கொண்டு அவனை நோக்கி ஓடிவருவாள், இவன் விழுவான். மூன்றாவது வாரம் கீழ்வீட்டுக்காரர் கதவிடுக்கில் ஒரு சீட்டு செருகிவிட்டுப் போனார். தம்பதிகளுக்குள் மனத்தாங்கல் இருந்தால் நகர அலுவலகத்தில் ஆலோசகர் இருக்கிறார் என்று மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்.

புதிய பருவத்தின் முதல் ஆட்டத்தில் எதிரணி நெட்டையன் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே வந்தான். படக்காரர்கள் எல்லாம் வளையத்துக்கு நேராகக் கேமராவை வைத்திருந்தார்கள். கோஷிரோ அரைவட்டத்துக்கு வெளியே, கை கீழே, அசையாமல் நின்றான். மோதல். விழுந்தான். விசில். நடுவர் கை மறுபக்கம் நீண்டது. என்ன நடந்தது என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. சிகுசா மட்டும் தலையைக் குனிந்து, காலியாக இருந்த பத்தியில் ஒரு கோடு போட்டாள்.

அந்தப் பருவத்தில் நாற்பத்தாறு கோடு விழுந்தது. வெளிநாட்டு நெட்டையர்கள் நான்கு ஃபவுலோடு பயந்து பயந்து ஆடினார்கள். சூறைக்காற்று ஜெயிக்கக்கூடத் தொடங்கியது. ஆனால் விழுவதைப் பார்க்க எவன் காசு கொடுப்பான்? கூட்டம் குறைந்தது. கிடங்கில் பனியன் தேங்கியது. "சட்டையில நிக்கறவன்னு போட்டிருக்கு. இவன் எப்பப் பாத்தாலும் படுத்துக் கிடக்கறான்" என்று ஹிருகாவா எல்லாரிடமும் புலம்பினார். மற்ற ஊர்க்காரர்கள் அவனுக்கு நடிகன் என்று பெயர் வைத்தார்கள். ஒரு ஆட்டத்தில் உண்மையிலேயே விலா எலும்பு கீறல் விட்டுத் தரையில் சுருண்டு கிடந்தபோது, பொய்யாக விழுந்தான் என்று நடுவர் எச்சரிக்கை கொடுத்தார். எக்ஸ்ரே படத்தை லீக்குக்கு அனுப்பினான். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

மூன்று வருடம் கழித்து, நல்ல ஆட்டக்காரர்களைப் பெரிய ஊர்கள் இழுத்துக்கொண்ட பிறகு, சூறைக்காற்று லீக்கின் இரண்டாம் பிரிவில் தரைமட்டத்துக்கு வந்தது. கடைசி ஆட்டம் மறுபடியும் கானேஹமாவோடு. தோற்கிற அணி மூன்றாம் பிரிவுக்கு இறங்கிவிடும். நாற்பது நொடி மீதி. சூறைக்காற்று ஒரு புள்ளி முன்னால். பந்து கானேஹமாவிடம். வுகேலிச்சுக்கு நான்கு ஃபவுல் ஆகியிருந்தது. அவனுக்கும் முப்பத்தாறு வயதாகி, இரண்டு முழங்காலிலும் கட்டு போட்டிருந்தான். இனோமாதா பெஞ்சைப் பார்த்தார். எதிர்ப்பக்கத்தில் ஹிருகாவா விரலை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். இனோமாதா முதல்முறையாக அந்த விரலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"உபுகாதா, போ."

உள்ளே வந்தவனைப் பார்த்து வுகேலிச் தன் அரைகுறை ஜப்பானிய மொழியில், "ஓ, சுவரொட்டி அண்ணன்" என்றான். பந்து அவனிடம் வந்தது. வளையத்தை நோக்கித் திரும்பினான். கோஷிரோ கோட்டுக்கு வெளியே இருந்தான். வுகேலிச்சும் பழைய ஆள். என்ன நடக்கப் போகிறது என்று பார்த்ததுமே தெரிந்துகொண்டான். ஒதுங்கிப் போகப் பார்த்தான். ஆனால் நூற்றிருபது கிலோவும் இரண்டு கெட்ட முழங்காலும் ஒதுங்க மறுத்தன. கோஷிரோ கண்ணை மூடவில்லை. இவ்வளவு பெரிய ஒன்று தன்மேல் வருவதை முழுதாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று மட்டும் நினைத்தான். அடுத்து அவன் பார்த்தது கூரையை.

விசில் ஊதிவிட்டது. நடுவர் கை எந்தப் பக்கம் போகிறது என்று படுத்த இடத்திலிருந்து தெரியவில்லை. கூட்டத்தின் இரைச்சலிலிருந்துதான் தெரிந்துகொண்டான். வுகேலிச்சுக்கு ஐந்தாவது ஃபவுல். அவன் வெளியே போகும் முன் குனிந்து கை நீட்டினான்.

"நல்லா விழுந்தே."

"நீங்க நல்லா வந்தீங்க. என்னைத் தூக்காதீங்க, ப்ளீஸ். எந்திரிக்க முடியும்னு தோணலை."

வால் எலும்பு உடைந்திருந்தது. சூறைக்காற்று அந்த ஒரு புள்ளியிலேயே ஜெயித்தது. எல்லாரும் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தபோது கோஷிரோவைத் தூக்குப்படுக்கையில் கொண்டுபோனார்கள். கால் இரண்டும் படுக்கைக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தன. ஹிருகாவா ஓடிவந்து படுக்கையின் பக்கத்தில் நடந்தபடி, ஒரு கையை அவன் நெஞ்சில் வைத்து, மறு கையைக் கூட்டத்துக்கு ஆட்டினார். அருமையான படம். படுத்த ஆளின் பக்கத்தில் அவர் உயரமாகவே தெரிந்தார்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு பெட்டி கொன்னியாக்கும் புதுப் பனியனும் வந்தன. 'விழுந்து காத்தவன்' என்று எழுதியிருந்தது. அதே வாரம் இன்னொரு கடிதமும் வந்தது. அடுத்த பருவத்துக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இயலவில்லை, அணியின் இளமையை முன்னிட்டு இந்த முடிவு என்றது கடிதம். சிகுசா அதைப் படித்துவிட்டுப் பனியனை எடுத்து ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தாள்.

வழியனுப்பு விழாவில் ஹிருகாவா இருபது நிமிடம் பேசினார். எங்கள் தூண் என்றார். ஒலிவாங்கியை அவர் உயரத்துக்கு வைத்தவர்கள் பிறகு மாற்றவில்லை. அதனால் கோஷிரோ உடைந்த எலும்போடு மடங்கி நின்று இரண்டு வரி நன்றி சொன்னான். மொத்தம் பன்னிரண்டு பருவம், முன்னூற்றுத் தொண்ணூறு புள்ளி என்று பெரிய திரையில் காட்டினார்கள். நெஞ்சில் வாங்கின மோதல்களுக்கு லீக்கில் கணக்கு வைப்பதில்லை. அது சிகுசாவின் நோட்டில்தான் இருக்கிறது: நூற்றுப் பதினெட்டு.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவன் வட்டத் தலையணையில் உட்கார்ந்து மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுருள்வில் கம்பெனிக்கு எழுதிக் கேட்டான். அங்கே இப்போது ஏணி வாங்கிவிட்டார்களாம். கடைசியில் வேலை வந்தது நகர அலுவலகத்தின் முதியோர் நலப் பிரிவிலிருந்து. ஷிமோசுகியில் வயதானவர்கள் குளியலறையிலும் வாசல்படியிலும் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வது பெருகியிருந்தது. விழாமல் இருக்கச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. ஒழுங்காக விழவாவது சொல்லிக்கொடுக்கலாம் என்று யாரோ சொன்னபோது, அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் ஒரே பெயர்தான் ஞாபகம் வந்தது.

செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்குச் சமூகக்கூடத்தில் வகுப்பு. தத்தாமிப் பாய்க்கு மேல் மெத்தை. முதல் நாள் பதினோரு பேர் வந்தார்கள். முதல் வரிசையில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஓதாகி, எண்பத்தொரு வயது. பக்கத்தில், ஒரு காலத்தில் மிசோ விழுது தடவிச் சுட்ட மஞ்ஜு ரொட்டி விற்ற திருமதி சேகினே.

"வாத்தியாரே, ஒரு சந்தேகம்" என்றார் ஓதாகி. "நீங்க பன்னெண்டு வருஷம் ஆடி, பந்தை ஒழுங்கா போட்டதே இல்லையாமே?"

"எப்பவாவது போட்டிருக்கேங்க."

"நான் அஞ்சு வருஷம் டிக்கெட் வாங்கி வந்தேன். ஒண்ணுகூடப் பாக்கலை."

"நீங்க வராத நாளாப் பாத்துப் போட்டிருப்பாரு, விடுங்க" என்றார் திருமதி சேகினே. "தம்பி, எனக்கு இடுப்பு ஏற்கெனவே ஒரு தடவை போச்சு. நீ சொல்ற மாதிரி விழுந்து மறுபடியும் போச்சுன்னா உங்க வீட்டு வாசல்லதான் வந்து உக்காருவேன்."

"முகவாயை நெஞ்சோட ஒட்டுங்கம்மா. கையை ஊனாதீங்க. உக்கார்ற மாதிரி இறங்குங்க. நான் பின்னாடி நிக்கறேன்."

நான்காவது வாரம்தான் திருமதி சேகினே துணிந்தார். இறங்கினார், உருண்டார், மெத்தையில் மல்லாந்தார். ஒன்றும் உடையவில்லை. கோஷிரோ கை நீட்டியபோது தட்டிவிட்டார். "இரு. படுக்க நல்லாத்தான் இருக்கு. அந்தத் தபால்காரரை முதல்ல விழச் சொல்லு, நான் இங்கேருந்தே பாக்கறேன்."

வகுப்பு தொடங்கி இரண்டு வருடத்தில், ஷிமோசுகியில் இடுப்பு உடைந்தவர்கள் வருடத்துக்குப் பத்தொன்பதிலிருந்து பதினொன்றாகக் குறைந்தார்கள். இதை நகர மாத இதழ் முதல் பக்கத்தில் போட்டது. பொது இடங்களில் புதிதாகப் பொருத்தப்பட்ட கைப்பிடிகளே காரணம் என்று விளக்கியது. மேயர் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படமும் இருந்தது. சிகுசா காலை உணவு மேசையில் அதைப் பார்த்ததும் பேனாவை எடுத்தாள்.

"நான் எழுதறேன் பாரு அவங்களுக்கு. எத்தனை பேரு, எத்தனை வகுப்பு, எத்தனை தடவை விழுந்தாங்க, எல்லாம் எங்கிட்ட இருக்கு."

"எழுதாதே" என்றான் கோஷிரோ. "எழுதினா மேயர் வகுப்புக்கு வந்து நடுவுல நின்னு படம் எடுக்கணும்பாரு. திருமதி சேகினே அவரைத் தள்ளிவிட்டுடுவாங்க."

"தள்ளட்டுமே."

"அவருக்கு விழத் தெரியாது."

மணி ஒன்பதரை ஆகியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அவன் சைக்கிளை எடுத்தான். எதிர்க்காற்று பலமாக இருந்தது. சமூகக்கூடத்து வாசலில் ஓதாகி அவனுக்கு முன்பே வந்து, புதுக் கைப்பிடியில் தன் கோட்டை மாட்டிவிட்டு, மெத்தைகளை விரித்துக்கொண்டிருந்தார்.